செல்லாத கேன்

ஒருவர் கையில் பெரிய வெள்ளைக் கேன் ஒன்றைக் கொடுத்து, "நாளைக்குக் காலையில முதல்ல போறதக் கீழ விட்டுடுங்க. அதுக்கப்புறம் மறுநாள் எழுந்து போற வரைக்கும் வர்ற மூத்திரம் அத்தனையும் இதுல புடிச்சு வைங்க" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் என் வேலையின் அருமை தெரியும். குன்னத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாசல் வாசலாக நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். எல்லா வாசலிலும் முதலில் வரும் கேள்வி, "எதுக்கு?" அதற்கு மூச்சு வாங்க விளக்கம் சொல்லி முடித்ததும் வரும் அடுத்த கேள்வி, "அத வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். வேப்பந்தட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தபோது, அரசாங்கப் பணத்தில் நடக்கும் சிறுநீரக ஆய்வு ஒன்றுக்குக் களப்பணியாளர் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் காட்டு வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. விடிந்தும் விடியாமலும் டயாலிசிஸுக்கு பஸ் ஏறுகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரி நான். கேள்வி நல்ல கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதற்கு விடை தேடப் போன வழிதான் என் உயிரை வாங்கியது.

ஓர் ஊரில் எங்களைக் கிட்னி திருட வந்தவர்கள் என்று சொல்லி டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வந்து ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். இன்னோர் ஊரில் கேனைத் திரும்ப வாங்கப் போனால் அதில் டீசல் இருந்தது. "மோட்டாருக்கு வாங்கியார வேற கேன் இல்லம்மா, நல்ல கெட்டியான சாமான், உங்களுக்கு வேற இருக்கும்ல" என்றார் அந்தப் பெரியவர். வேறு இல்லை. கேன்கள் எண்ணி வந்தவை. ஒன்று குறைந்தாலும் மேலிடத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேலிடம் என்பது அரியலூரில் இருந்த எங்கள் ஆய்வு அலுவலகம். அங்கே ஒரு லேப், ஒரு குளிர்பெட்டி, பொறுப்பாளராக ஒரு டாக்டர். அவருக்கு மேலே யார் யாரோ இருந்தார்கள். அவர்களை நான் பார்த்ததில்லை. மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை என்று சேர்ந்த சில மாதங்களிலேயே வாடகை வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு ஐஸ் பெட்டியை என் ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு, சிமென்ட் லாரிகளின் புழுதியைத் தின்றபடி நானே ஓட்டிப் போனேன். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் லேப் பூட்டியிருக்கும். போன் செய்தால், "சாப்பிட வந்தேங்க, அஞ்சு நிமிஷம்" என்பார் லேப்காரர். அவருடைய அஞ்சு நிமிஷத்தில் நான் ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

இப்படி நான் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன்.

அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சின்ன வெங்காயம் அறுக்க, பருத்தி எடுக்க, மக்காச்சோளத்துக்குக் களை வெட்ட என்று வருஷம் முழுக்கக் கூலிக்குப் போகிறவர். கணவர் வெங்காய மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். அக்காவுக்கு மெலிந்த, முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. அவர் நோயாளி என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் சுற்றில் எடுத்த ரத்தத்தில் அவருக்குக் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை உப்பு என்பார்கள். சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்றால் ரத்தத்தில் தங்கிவிடும் கழிவு அது.

"உப்பு கொஞ்சம் கூட இருக்குக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும்" என்றேன்.

"எனக்கு என்னா நோவு? நேத்துகூட நாலு மூட்ட வெங்காயம் அறுத்தேன்."

"வலி தெரியாதுக்கா. தெரியும்போது ரொம்பக் கெட்டுப்போயிருக்கும்."

"வலியே இல்லாததுக்கு ஆஸ்பத்திரியா? அங்க போனா அன்னிக்கிக் கூலி போச்சு. நீ என்னா கேக்குற, மூத்திரம்தான? கேனக் குடுத்துட்டுப் போ."

கேனைக் கொடுத்தேன். மறுநாள் கழித்துப் போய் வாங்கினேன். அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. தேன் நிறம். அன்றைக்கு மாலையே லேப்காரர் கூப்பிட்டார்.

"இது செல்லாதுங்க. அரை லிட்டருக்கே வரல. முழுசாப் புடிக்கல அவங்க. திரும்ப எடுங்க."

நான் திரும்பப் போனேன். அக்கா முகம் சுளிக்காமல் மறுபடி பிடித்துக் கொடுத்தார். மறுபடி அதே அளவு. மறுபடி செல்லாது. மூன்றாவது முறையாக நான் கேனோடு போய் நின்றபோது அவர் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் பாதிய வெளிய ஊத்திட்டுப் பொய் சொல்றேன்னு சொல்றாங்களா?"

"அப்படி இல்லக்கா…"

"வேற எப்படி? மூத்திரத்துல பொய் சொல்லி எனக்கு என்னா ஆவப் போவுது?"

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். மரியாதையான மனிதர்தான். குரலை உயர்த்த மாட்டார். அன்றைக்கு நான்தான் உயர்த்தினேன்.

"சார், அந்தம்மா முழுசாத்தான் குடுக்கிறாங்க. அவங்களுக்கு வர்றதே அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா தெரியும் சார்."

"அத நான் எழுத முடியாதும்மா. நிறையப் பேர் மறந்துடறாங்க, பாதி வெளிய போயிடறாங்க. அத்தனையும் சேத்துக்கிட்டா கடைசியில ஆய்வே குப்பையாயிடும். அதுக்குத்தான் இந்த விதி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முட்டாள்தனமாக ஒருவர் பேசினால் திட்டிவிட்டுத் தூங்கிவிடலாம்.

அந்த எரிச்சலோடு எல்லா வீட்டிலும் நான் ஒரு வரியைக் கூடுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். "கொஞ்சமா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க, பாத்துக்கங்க." அதன் பலன் அடுத்த வாரமே கிடைத்தது. ஒரு வீட்டுக்காரர் கழுத்து வரை நிரம்பிய கேனைப் பெருமையோடு நீட்டினார். தூக்க முடியவில்லை. நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை. அளவு இருந்ததால் லேப் வாங்கிக்கொண்டது. நான் விட மனமில்லாமல் அவரை நச்சரித்தேன். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குப் பெரம்பலூர் போய்விட்டாராம். காலையில் ஒரு தடவை பிடித்ததோடு சரி. "வெறுங்கேனாக் குடுத்தா உனக்குத் திட்டு வுழும்னு மிச்சத்துக்குக் கொழாத் தண்ணியப் புடிச்சு ஊத்துனேம்மா. உனக்கோசரந்தான்."

எனக்கோசரம்.

மாசி முடியும் சமயம். ஒரு நாள் முழுக்க அந்த அக்காவோடே இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். காலையில் அவர் எழுந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்தேன். "உனக்கு வேற பொழப்பே இல்லியா?" என்றார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் கேனை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். மற்ற பெண்களோடு லோடு ஆட்டோவில் ஏறி, ஊருக்கு வெளியே இருந்த பருத்திக் காட்டுக்குப் போனோம்.

வீட்டில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்திருந்தார். தோளில் தொங்கிய பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. நெருப்பு மாதிரி வெயில். குனிந்து பருத்தியைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே போனார்கள். நான் வேப்பமரத்தடியில் கட்டைப்பையைக் காவல் காத்தேன். வெயில் ஏறி, நிழல் என் காலடிக்குச் சுருங்கும் வரை அந்த அக்கா பாட்டிலை ஓரிரு முறைதான் எடுத்தார். அதுவும் வாயை நனைத்துவிட்டுத் துப்பினார்.

சாப்பிட வந்து உட்கார்ந்தபோது கேட்டேன். "ஏன்க்கா தண்ணியத் துப்புறீங்க?"

"முழுங்குனா வரும்ல."

"வந்தா போக வேண்டியதுதான?"

அவர் கையை நீட்டிச் சுற்றிலும் காட்டினார். ஒரு பக்கம் தார் ரோடு. இன்னொரு பக்கம் அறுத்து முடித்த மக்காச்சோளக் காடு, மொட்டைத் தலையாக வெகுதூரத்துக்குக் கிடந்தது. அங்கே ஆண்கள் சோளத்தட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சோளம் நிக்கிற வரைக்கும் ஒண்ணும் பிரச்சன இல்ல. உள்ள பூந்து போயிட்டு வந்துடலாம். அறுத்துட்டா பொட்டக்காடு. ஓடையோரம் சீமைக்கருவேலம் இருந்துச்சு, அதையும் ஜேசிபி வச்சுப் புடுங்கிட்டாங்க. எங்க போயி உக்காரச் சொல்ற?"

பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் சிரித்தார். "நர்ஸம்மா மட்டும் குடிச்சுதா? அது பாட்டிலப் பாரு."

என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது. நானும் காலையிலிருந்து குடிக்கவில்லை. களத்துக்குப் போகிற நாள்களில் நான் வீடு திரும்பும் வரை குடிப்பதே இல்லை. கழிப்பறை இருக்கும் வீடாகப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டு நிற்பதற்குப் பதில் நாக்கு வறண்டு கிடப்பது எவ்வளவோ மேல் என்று பழகிவிட்டது. வாசல் வாசலாக "தெனம் மூணு லிட்டராவது குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது அதே வாய்தான்.

"இதுல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அன்றுதான் அவர் என்னை முதன்முதலாகச் சாப்பிடச் சொன்னார். புளிச்சோறும் சுட்ட கருவாடும்.

வேலை முடிந்து கிளம்பும்போது இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைக்க, அவர் ஒரு முறை கேனை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை பிடித்ததாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் போய், எழுந்ததும் பிடித்ததோடு சேர்த்துக் கேனை வாங்கினேன். இந்த முறையும் அரை லிட்டர்க் கோட்டைத் தொடவில்லை.

அதை நானே அரியலூருக்கு எடுத்துப் போய் டாக்டரின் மேஜை மேல் வைத்தேன்.

"நான் கூட இருந்து பாத்தேன் சார். ஒரு சொட்டு வெளிய போகல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கூட இருந்ததே தப்புங்க. ஆய்வுல சேந்தவங்க பக்கத்துல போய் உக்காந்தா அவங்க வழக்கமா இருக்கிற மாதிரி இருக்க மாட்டாங்க."

"அவங்க வழக்கமா இருந்தாங்க சார். நான்தான் வழக்கத்துக்கு மாறா கத்திக்கிட்டு இருக்கேன்."

அவர் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு லேப்காரரைக் கூப்பிட்டு, அதைக் கொட்ட வேண்டாம், உள்ளே இருக்கிற கிரியாட்டினினை அளந்து சொல்லுங்கள் என்றார். அப்புறம் எனக்கு விளக்கினார். ஒருவர் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் கிரியாட்டினின் பெரும்பாலும் மாறாது; தசைக்கு ஏற்ற அளவில் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும், ஒரு நாளைக்குரிய கிரியாட்டினின் அதில் முழுசாக இருந்தால், பிடித்தது முழுசு என்று அர்த்தம்.

முடிவு வந்தது. முழுசாக இருந்தது. நான் அந்தக் குழாய்த் தண்ணீர்க்காரரின் கதையையும் சொன்னேன்; குளிர்பெட்டியில் வைத்திருந்த அவருடைய மாதிரியையும் பார்க்கச் சொன்னார். அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

"கொழாத் தண்ணியச் சேத்துக்கிட்டோம். இந்தம்மாவ வெளிய தள்ளியிருக்கோம்" என்றார் டாக்டர். சிரிப்பது போலத்தான் இருந்தது, சிரிக்கவில்லை. "மேல எழுதுறேன்."

எழுதினார். கூட்டம் போட்டால்தான் விதியை மாற்ற முடியுமாம். கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. நடந்தபோது இந்த விஷயத்துக்கு நேரம் போதவில்லை. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொண்டு, அளவை மட்டும் பார்க்காமல் கிரியாட்டினினையும் பார்த்துத்தான் தள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் காட்டில் மறுபடி மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. நாங்கள் செல்லாது என்று சாக்கடையில் கொட்டிய கேன்களில் எத்தனை முழுசானவை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவற்றைக் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் பொய் சொல்லாமல் கொடுத்தவர்களாகக்கூட இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு அந்த அக்காவை அழைத்துப் போக நான் கூட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பருத்திக் காட்டுக்குப் போய் வந்த அடுத்த வாரமே, விடுப்பு போட்டுவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எங்கள் ஆய்வில் சிகிச்சை கிடையாது, அனுப்பி வைப்பதோடு நம் வேலை முடிந்தது என்று விதி. அதற்கு நான் என்ன செய்ய? கணவர்தான் தயங்கினார். "நல்லா இருக்கிறவளக் கூட்டிட்டுப் போயி நோயாளியாக்கிடாதீங்க நர்ஸம்மா." அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "அது ஒரு நாள் பூராவும் வெயில்ல கெடந்துச்சு. நான் ஒரு நாளு அதோட போனா என்னா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் காத்திருந்து உள்ளே போனோம். அங்கிருந்த டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார்.

"இல்லைங்க" என்றார் அக்கா.

நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைத்தான் வாங்கியிருந்தேன். டாக்டர் விடவில்லை. "உடம்பு வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு மெடிக்கல்ல ஒரு செட்டு தருவாங்க. ராவுல போட்டாத்தான் காலைல எழுந்திரிக்க முடியும்."

"தினமுமா?"

"வேலைக்குப் போற அன்னிக்கி மட்டுங்க."

வேலைக்குப் போகாத நாள் அவருக்கு ஏது? என் தலையில் நானே அடித்துக்கொள்ளாத குறை. "அது மாத்திரை இல்லியாக்கா?" என்றேன். "அது வலிக்குப் போடறது. நோய்க்கா போட்டேன்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லி, டாக்டர் அந்த வலி மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வரச் சொன்னார்.

தண்ணீர் விஷயத்தை அக்கா தன் வழியில் எடுத்துக்கொண்டார். காட்டுக்குச் சொந்தக்காரரிடம் பெண்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போய், ஓரமாக ஒரு மறைவு கட்டித் தந்தால்தான் வேலைக்கு வருவோம் என்றார். "ரெண்டு வாரம் பருத்தி எடுக்கறதுக்குக் கக்கூசா கட்ட முடியும்?" என்றார் அவர். ஆனாலும் ஆள் கிடைக்காத காலம். நாலு கம்பு நட்டு, பச்சை வலையைச் சுற்றிக் கட்டினார். பங்குனிக் காற்று ஒரு பக்கத்தைப் பிய்த்தது. மிச்சத்தை யாரோ கோழிக்கூண்டுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு பெண்கள் பழைய சேலைகளை மடித்து எடுத்துப் போகத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

ஆய்வு முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்பதைக்கூட யாரும் முறையாகச் சொல்லவில்லை. ஒரு மாதம் சம்பளம் வரவில்லை, கேட்டபோது "அந்தத் திட்டம் மூடியாச்சுங்களே" என்றார்கள். இப்போது மீன்சுருட்டிப் பக்கம் சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் இருக்கிறேன். இதுவும் அரசாங்கப் பணம்தான். இங்கே மூத்திரம் கேட்பதில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். எல்லாரும் நேற்றுக் கீரையும் கேழ்வரகும்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். முட்டை பரோட்டா சாப்பிட்ட ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

அந்த அக்காவுக்கு உப்பு ஏறவில்லை. இறங்கவும் இல்லை. அப்படியே நிற்பதே நல்ல செய்தி என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாகப் போனில் சொன்னார். போன வாரம் மறுபடி கூப்பிட்டார்.

"செவ்வாக்கெழம ரத்தம் குடுக்கப் போவணும். வரியா?"

"எனக்கு வேலை இருக்குக்கா. உங்க வூட்டுக்காரர் இருக்காருல்ல, அவரக் கூட்டிட்டுப் போங்களேன்."

"அது டாக்டருகிட்ட பேசத் தெரியாம கையக் கட்டிக்கிட்டு நிக்கும். லீவு போடு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. எனக்கு லீவே மிச்சம் இல்லக்கா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

என் மேலதிகாரியிடம் போய் விடுப்பு கேட்டேன். காரணம் கேட்டார். சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றேன். யார் என்றார். அக்கா என்றேன்.